நாலாவது அட்டை

என் வீட்டுக்காரர் பெயர் சோணை. புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று எழுமலையில் என் அம்மா சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தாள். இப்போது நான் கூப்பாடு போட்டுச் சொன்னாலும் அந்த மனுஷனுக்குக் கேட்கப் போவதில்லை. அதனால் தைரியமாகவே சொல்கிறேன். சோணை, வயது ஐம்பத்தெட்டு, கீபோர்டு ரிப்பேர் பார்ப்பவர். ஒத்தக்கடையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பக்கம் என் தையல் மிஷின், மறுபக்கம் அவருடைய மேசை. பிளவுஸ் துணியில் ஈயம் தெறித்துவிட்டது என்று நானும், சர்க்யூட்டுக்குள் நூல் பிசிறு கிடக்கிறது என்று அவரும் சண்டை போட்டே இருபது வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

கல்யாணமான புதிதில் அவர் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் மைக்செட் பார்த்தார். ஊர் ஊராகத் திருவிழாக் கச்சேரி. ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்பார், கச்சேரி முடிந்தால் அதன் மேலேயே சாய்ந்து தூங்குவார். காது அங்கேதான் போனது. முதலில் வலது காது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இடது. காதுக்குள் எந்நேரமும் ஒரு விசில் வேறு ஊதிக்கொண்டிருக்கிறதாம். இதையெல்லாம் நானாகக் கண்டுபிடித்தேனே தவிர, அவர் வாயால் சொன்னதில்லை. "எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீதான் வாய்க்குள்ளயே பேசுற" என்பார். நானா வாய்க்குள் பேசுகிறவள்! நான் வாயைத் திறந்தால் மேலூர் ரோட்டில் போகிற பஸ் நிற்கும்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், "முனீசு, இங்கிட்டு வா. இது ஆடுதா, நின்னுருச்சான்னு பாரு" என்று கூப்பிட்டார்.

ஆடுகிறது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். இரண்டு ஒலியைச் சேர்த்து ஒலிக்க விட்டால், இரண்டும் அச்சாக ஒன்றாக இல்லாவிட்டால், நடுவே ஓர் ஆட்டம் கேட்கும். வ்வா... வ்வா... வ்வா... என்று. பழைய கீபோர்டுகளில் பிரிசெட் என்று கடுகு அளவில் ஒரு திருகு உள்ளே இருக்கும். அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பத் திருப்ப, ஆட்டம் மெதுவாகிக்கொண்டே வரும். கடைசியில் அப்படியே நின்றுவிடும். நின்றால் சுருதி சேர்ந்தது என்று அர்த்தம். சுருதியை எண்ணில் காட்டுகிற மீட்டர் முக்கால்வாசித் தூரம்தான் கொண்டுபோய் விடும். அதன் கடைசி எண் பைத்தியம் மாதிரி மாறிக்கொண்டே இருக்கும். மிச்சத்தைக் காதுதான் பார்க்க வேண்டும்.

எனக்கு சரிகமபதநியை வரிசையாகச் சொல்லக்கூட வராது. ஆனால் முப்பது வருஷமாகத் தையல் மிஷின் சத்தத்திலேயே குடித்தனம் நடத்துகிறவள். பாபினில் நூல் தீரப் போவதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அன்றைக்கும் கேட்டேன். மெதுவானது, இன்னும் மெதுவானது, நின்றது. "நின்னுருச்சுங்க" என்றேன். அவர் திருகை விட்டுக் கையை எடுத்தார்.

அன்றிலிருந்து அவருக்குக் கை, எனக்குக் காது. வாடிக்கைக்காரர்கள் யாருக்கும் தெரியாது. அவர் திருகிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பார். நான் தைத்துக்கொண்டே, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, "நின்னுருச்சு" என்பேன். பட்டன் வைப்பது மாதிரி பழகிப்போன வேலை. எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. படித்த ஆட்கள் மேடையில் வாசிக்கிற பொருளுக்கு நான் சுருதி சேர்க்கிறேன் என்றால் சும்மாவா?

போன சித்திரையில் சிஹாபுதீன் பாய் வந்தார். காஜிமார் தெருக்காரர். அந்தக் காலத்து ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவர். இவருக்கு அவர் மாப்ள, அவருக்கு இவர் மாப்ள. நான் தங்கச்சி. ஆட்டோவில் இருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கிய சாமானைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். எண்பத்து நாலில் பாயின் மச்சான் சிங்கப்பூரில் இருந்து கப்பலில் கொண்டுவந்த சிந்தசைசர். மரப்பக்கமும் இரும்பு அடியுமாக, ஒரு சின்னக் கட்டில் அளவு இருந்தது.

"சென்னையில காட்டினேன் மாப்ள. இத எடைக்குப் போடுங்க பாய்ங்கிறானுக" என்றார் சிஹாபுதீன்.

"அவனுக கிடக்குறானுக. இறக்கு" என்றார் இவர்.

இப்போது வருகிற கீபோர்டுகளில் சத்தமெல்லாம் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தது. சுருதி விலகவே விலகாது. இது அந்த ரகம் இல்லை. உள்ளே ஓடுகிற மின்சாரமேதான் இதில் சத்தமாக வருகிறது. சூடு ஏறினால் சுருதியும் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். உள்ளே ஆறு சர்க்யூட் அட்டைகள். ஓர் அட்டைக்கு ஒரு குரல். ஆறு விரல் வைத்தால் ஆறு குரலும் சேர்ந்து பாடும். ஆறும் ஒரே சுருதியில் நின்றால்தான் கச்சேரி. ஒன்று விலகினாலும் வீட்டுக்குள் நடக்கிற சண்டை தெருவுக்குக் கேட்கிற மாதிரி அசிங்கமாக இருக்கும்.

ஆனி மாதம் ஒத்தக்கடை மண்டபத்தில் பழைய ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் எல்லோரும் ஒன்றுகூடுவதாக ஏற்பாடு. அங்கே இதை வாசிக்க வேண்டும் என்பது பாயின் ஆசை. என் வீட்டுக்காரர் ஆசை வேறு. டவுனில் ஓர் இசைக்கருவிக் கடையில் யாரோ அவரைச் 'செவிட்டுச் சோணை' என்று சொல்லியிருக்கிறான். அது எப்படியோ இவருக்கு எட்டிவிட்டது. கேட்க வேண்டியது கேட்காது, கேட்கக் கூடாதது மட்டும் எப்படித்தான் கேட்குமோ! வருகிற வேலையும் குறைந்துகொண்டே இருந்தது.

"மருதையில வாசிக்கிற அம்புட்டுப் பேரும் அன்னைக்கு அங்க இருப்பாங்க முனீசு" என்றார். "இத மட்டும் சேத்து வச்சுட்டேன்னா, ஒரு பய என் காதப் பத்திப் பேச மாட்டான்."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று சொல்ல வந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியில் நூலைக் கோத்தேன்.

வேலை ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டு அரை மணி நேரம் சாமானைச் சூடாக விட வேண்டும். அப்புறம் காற்றே படக்கூடாது. காற்று பட்டால் சுருதி இறங்கும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார். சித்திரை வெயிலில், காங்கிரீட் கூரைக்குக் கீழே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஃபேன் இல்லாமல்! முகூர்த்தத்துக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய பிளவுஸ் எல்லாம் என் வியர்வை சொட்டிக் கறையானது. போதும்டா சாமி என்று ஆகிவிட்டது. ஆனாலும் உட்கார்ந்தேன். அவர் திருக, நான் கேட்க, ஒரு வாரத்தில் ஐந்து அட்டைகள் வழிக்கு வந்துவிட்டன. நாலாவது அட்டை மட்டும் வரவில்லை.

நின்றுவிடும். "நின்னுருச்சு" என்பேன். அவர் மூடியை எடுத்து வைப்பதற்குள் மறுபடி வ்வா... வ்வா... என்று கிளம்பும். உள்ளே சத்தத்தை உண்டாக்குகிற சில்லுக்கே வயதாகிவிட்டது. அந்தச் சில்லை இப்போது உலகத்தில் எவனும் செய்வதில்லை. ஆன்லைனில் ஒன்று வரவழைத்தார். பழைய பேரைச் சுரண்டிவிட்டுப் புதுப்பேர் அடித்த டூப்பு. அதைப் போட்டால் சத்தமே வரவில்லை. மறுபடி பழையதையே மாட்டினார். பக்கத்தில் பஞ்சு வைத்தார், தகரம் வைத்தார், வேறு வேறு பாகங்களை மாற்றிப் பார்த்தார். நாய் வாலை நிமிர்த்துகிற கதைதான்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தட்டில் போட்ட சோறு காய்ந்து கிடக்கும். ராத்திரி படுத்தவர் விரல் மட்டும் தூக்கத்திலும் திருகிக்கொண்டே இருக்கும். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. சும்மா இருக்கச் சொன்னால் என் மேல் பாய்வார். "நீ ஒழுங்காக் கேட்டாத்தானே! கவனமெல்லாம் ஊசியில" என்று ஒரு நாள் கத்தினார். எனக்கு வந்ததே கோபம். கத்தரிக்கோலை மேசையில் எறிந்துவிட்டு, "அப்ப உங்க காதாலயே கேட்டுக்கங்க" என்றேன். சொன்ன நிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கத்தரிக்கோலை எடுத்து என் மிஷின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உக்காரு முனீசு. இன்னொரு தடவ" என்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

வைகாசி கடைசியில் ஒரு மத்தியானம். அவர் திருகிக்கொண்டே என்னைப் பார்த்தார். கண் குழி விழுந்து, தாடி நரைத்து, யாரோ கேட்பாரற்ற மனுஷன் மாதிரி இருந்தார். நாலாவது அட்டை ஆடிக்கொண்டுதான் இருந்தது. ரொம்ப மெதுவாக. நான் ஒரு தடவை மூச்சை இழுத்து விடுகிற நேரத்துக்கு ஓர் ஆட்டம். இது எவனுக்குக் கேட்கப் போகிறது என்று நினைத்தேன். இந்த மனுஷன் செத்துப்போய்விடுவார் என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்துக்கொண்டு, "நின்னுருச்சுங்க" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

ஐந்து நிமிஷம் காத்திருந்தார். "இப்ப?"

"அப்படியே நிக்குது."

அவர் ஃபேனைப் போட்டார். என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். "உன் காது மட்டும் இல்லைன்னா நான் எப்பவோ கடையச் சாத்தியிருப்பேன்டி" என்றார். என்னைக் கட்டிக்கொண்ட இத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் குழம்பை ஊற்றிக்கொண்டே நின்றேன்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடித்த கையோடு சிஹாபுதீன் பாய் வந்தார். மண்டபத்தில் வைக்கப்போகிற பெரிய ஸ்பீக்கர் பெட்டியையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். சோதித்துப் பார்த்துவிட்டு அப்படியே கொண்டுபோகலாம் என்று திட்டம். அது என் நெஞ்சு உயரப் பெட்டி. முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் குளித்து, நெற்றி நிறைய திருநீறு பூசி, வெளுத்த சட்டை போட்டிருந்தார்.

பாய் பிஸ்மில்லா சொல்லிக் கை வைத்தார். ஒரு நிமிஷம்கூட வாசித்திருக்க மாட்டார். அவர் விரல் ஓரிடத்தில் தயங்கியது. மறுபடி அங்கேயே வந்து அமுக்கினார். தெரிந்துவிட்டது அவருக்கு. நாற்பது வருஷம் வாசித்த ஆளுக்குத் தெரியாமல் இருக்குமா? யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் அவரை எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் புரிந்துகொண்டார்.

"மாப்ள!" என்று சத்தமாகச் சொன்னார். "எம்பத்தஞ்சுல கேட்ட மாதிரியே இருக்கு மாப்ள! இம்மி பிசகல!"

இவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே, களைப்போ என்னவோ, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்தார். பாய் இடது கையால், கனத்த சத்தம் வருகிற அடிக்கட்டை இரண்டை அமுக்கிப் பிடித்தபடியே இருந்தார். வீடே தடதடத்தது. சமையலறையில் டம்ளர் நடுங்கியது.

என் வீட்டுக்காரரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உள்ளங்கையைப் பெட்டியின் மேல் பரப்பி வைத்தார். அப்புறம் மறு கையையும் வைத்தார். நாடி பிடிக்கிற மாதிரி அசையாமல் நின்றார். எங்கள் வீட்டுச் சின்ன ஸ்பீக்கரில் கைக்கு எதுவும் தெரிந்ததே இல்லை. இந்தப் பெரிய பெட்டியின் பலகை ஒவ்வோர் ஆட்டத்தையும் அப்படியே அவர் கைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"பாய், அதையே இன்னொருக்க அமுக்கு."

பாய் அமுக்கவில்லை.

"அமுக்குங்கிறேன்ல."

அமுக்கினார். இவர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தார். எத்தனை ஆட்டம் எண்ணினாரோ. கண்ணைத் திறந்தபோது என்னைத்தான் பார்த்தார், பாயை இல்லை.

"பழைய சாமான்ல மாப்ள" என்றார் சிஹாபுதீன், கை இரண்டையும் விரித்து. "லேசா ஆடத்தான் செய்யும். யாரு கவனிக்கப் போறா?"

"நீ கவனிச்சேல்ல" என்றார் இவர். "இம்மி பிசகலைன்னு சொன்னேல்ல. எடுத்துட்டுப் போ பாய்."

பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாய் அசைவைப் பார்க்காவிட்டால் யார் என்ன சொன்னாலும் அவருக்குப் போய்ச் சேராது. அவர் கதவைச் சாத்துகிற முறை அது. அந்தச் சிந்தசைசரும் பெட்டியும் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின. ஆனியில் மண்டபத்தில் பாய் ஒரு புதுக் கீபோர்டைத்தான் வாசித்தாராம். நாங்கள் போகவில்லை.

வண்டி போன பிறகு அவர் மேசை முன்னால் வந்து உட்கார்ந்தார். அப்புறம் கேட்டார்.

"எப்ப இருந்து?"

எனக்கு முதலில் புரியவில்லை. "என்ன எப்ப இருந்து?"

"எப்ப இருந்து எங்கிட்டப் பொய் சொல்ற?"

"இது ஒண்ணுதாங்க. உங்க நிலைமையப் பாக்க முடியாம..."

"மேலூர் சர்ச்சு கீபோர்டு?"

"அது நெசமா நின்னுச்சு."

"நாகமலைப் புதுக்கோட்டையில இருந்து ஒரு புள்ள கொண்டு வந்துச்சே, திவ்யான்னு? அது?"

"அதுவும் நின்னுச்சுங்க."

நாலு வருஷத்து வேலையையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். எல்லாம் நின்றது. கருப்பசாமி மேல் சத்தியமாக நின்றது. சத்தியத்தைக்கூட நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்ற. ஆனா எனக்கு எப்படித் தெரியும் முனீசு?" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அழுதேன். அழுததையும் அவர் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரு பழைய பெரிய பெட்டியை யாரிடமோ கேட்டு வாங்கிவந்து, கையை வைத்தே சுருதி பார்க்க முடியுமா என்று நாலைந்து நாள் முயன்றார். அடிக்கட்டைகளில் தெரிந்தது. மேலே போகப் போக உள்ளங்கையில் வெறும் கூச்சம்தான். என்னைக் கூப்பிடவே இல்லை. நானாகவே ஒரு நாள் பக்கத்தில் போய், "ஆடுதுங்க, இன்னும் கொஞ்சம் திருப்புங்க" என்றேன். அவர் தலையாட்டினார். திருகைத் திருப்பவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டார். வேலைக்கு வந்திருந்த மூன்று கீபோர்டுகளையும் உரியவர்களைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மேசை மேல் இப்போது என் துணி மூட்டை கிடக்கிறது. முன்பெல்லாம் அதற்கு அவர் எப்படிச் சண்டைக்கு வருவார்! இப்போது அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்.

ஆவணியில்தான் ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொண்டார். இத்தனை வருஷமாகக் கூப்பிட்டு வராதவர், அன்றைக்குத் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி காத்திருந்தார். ரொம்ப நேரம் விரல் அசையவே இல்லை.

காது டாக்டர் சின்ன வயசுக்காரர். முகத்தில் மாஸ்க். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். என்னிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்வதுதானே சுலபம். வலது காதில் ஒன்றும் இல்லை. இடது காதில் கால்வாசி இருக்கிறது, அதுவும் போய்விடும். காது மிஷின் வைத்தால் பேச்சு ஓரளவு கேட்கும். சுருதி பார்க்கிற வேலைக்கெல்லாம் இனி ஆகாது. திரும்ப வராது.

நான் அவர் பக்கம் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. கேட்டுக்கொண்டார். அப்புறம் என்னை விட்டுவிட்டு டாக்டர் பக்கம் குனிந்தார்.

"சார், இவ சொல்றது நெசமா?"

அந்த அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். தன் சத்தம் எம்புட்டு என்று அவருக்குத் தெரியாது. நர்ஸ் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் கம்ப்யூட்டரில் இருந்து தலையைத் தூக்காமல், மாஸ்க்குக்குள்ளேயே, "ஆமாங்க, அதான் சொன்னேனே" என்றார்.

அவருக்கு அது கேட்கவில்லை. டாக்டர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க வாயே இல்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"என்னங்கிறாரு?"

"ஆமாங்கிறாருங்க" என்றேன்.